ராஜாவைக் கேட்ட ஜனங்கள்: ஜனநாயகச் சிந்தனையில் யூத மதத்தின் பங்கு

1992-இல் இயற்றிய ஓர் அடிப்படைச் சட்டத்தில் இஸ்ரேல் தன்னை "யூத, ஜனநாயக நாடு" என்று அழைத்துக்கொண்டது. 2023-இல் நீதிமன்றங்களின் அதிகாரத்தைக் குறைக்க அந்நாட்டு அரசு முயன்றபோது, எதிர்த்து மாதக்கணக்கில் தெருவில் நின்றவர்களும் சரி, அரசை ஆதரித்தவர்களும் சரி, இந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் மோதினார்கள். ஒரு மதத்தின் பெயரும் ஜனநாயகமும் ஒரே வரியில் எப்படி நிற்கும் என்ற கேள்வி அப்போது பலருக்கும் எழுந்தது. அதற்கு இரண்டு அவசரப் பதில்கள் சுற்றுகின்றன. ஜனநாயகமே பைபிளிலிருந்துதான் வந்தது என்கிறது ஒன்று. அது முழுக்கக் கிரேக்கர்களின் கண்டுபிடிப்பு, யூதர்களுக்கு அதில் பங்கே இல்லை என்கிறது மற்றது. இரண்டுமே தப்பு. ஏன் என்று பார்க்க, கொஞ்சம் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

ஜனநாயகம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

1. யார் ஆள்வது? மக்கள் கூடி வாக்களித்து முடிவெடுப்பது, பதவிக்கு ஆள் தேர்ந்தெடுப்பது எல்லாம் இதில் சேரும்.
2. ஆள்பவர் எதுவரை போகலாம்? சட்டம் ஆட்சியாளரையும் கட்டுமா, ஆளப்படுபவரின் சம்மதம் வேண்டுமா, தோற்றவர் தொடர்ந்து பேசலாமா என்பதெல்லாம் இதில் வரும்.

முதல் கேள்விக்கு விடை தந்தது ஏதென்ஸ் நகரம்தான், சந்தேகமே வேண்டாம். எபிரேய மொழியில் ஜனநாயகத்துக்குச் சொந்தச் சொல்கூடக் கிடையாது. "தெமோக்ராத்யா" என்று கிரேக்கத்திலிருந்து வாங்கிய சொல்லைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். போதாக்குறைக்கு, அதற்கு நேரெதிராகத் தோன்றும் "தியோகிராசி", அதாவது கடவுளாட்சி என்ற சொல் யூதர்களின் ஆட்சிமுறையை விளக்குவதற்காகவே பிறந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் உருவாக்கிய சொல் அது.

யூத மரபின் பங்கு இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. அந்தக் கேள்வி இல்லாமல் ஜனநாயகம் எப்படி இருக்கும் என்பதற்கும் ஏதென்ஸே சாட்சி: வாக்கெடுப்பு நடத்தித்தான் சாக்ரட்டீசுக்கு நஞ்சு கொடுத்தார்கள்.

யூத மதம் என்பது கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று அழைக்கும் எபிரேய வேதத்தோடு முடிந்துவிடுவதில்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பும், அதன் மேல் ரப்பிகள் எனப்படும் யூத அறிஞர்கள் பல தலைமுறையாக நடத்திய விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதும் சேர்ந்ததுதான் அந்த மரபு. இங்கே நமக்கு வேண்டிய சரக்கில் பாதி தல்மூதில்தான் இருக்கிறது.

ராஜாவுக்கு மேலே ஒரு சட்டம்

பழைய எகிப்தில் அரசன் தெய்வம். மெசப்பொத்தேமியாவில் அரசனைத் தெய்வத்தின் சாயல் என்று புகழ்வார்கள். அதே "சாயல்" என்ற சொல்லை எபிரேய வேதத்தின் முதல் நூலான ஆதியாகமம் எடுத்து, ஆண், பெண் என்று மனிதர் அத்தனை பேருக்கும் கொடுத்துவிடுகிறது. மிஷ்னா அதை இன்னும் இழுத்துச் செல்கிறது: கடவுள் ஏன் முதலில் ஒரே ஒரு மனிதனைப் படைத்தார்? "என் அப்பன் உன் அப்பனைவிடப் பெரியவன்" என்று ஒருவனும் இன்னொருவனிடம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

உபாகமம் 17-ஆம் அதிகாரம் அரசனுக்கென்றே சட்டம் வகுக்கிறது. குதிரைகளைப் பெருக்கக் கூடாது. மனைவிகளைப் பெருக்கக் கூடாது. வெள்ளியும் பொன்னும் குவிக்கக் கூடாது. படை, திருமண உறவுகள் வழியே வரும் கூட்டணி, கஜானா: ஓர் அரசனின் பலம் எதிலெல்லாம் இருந்ததோ, சரியாக அவற்றின் மேல்தான் கை வைக்கிறது. நியாயப்பிரமாணத்தின் படி ஒன்றைத் தனக்காக எழுதி வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும்வரை தினமும் வாசிக்க வேண்டும். தன் சகோதரர் மேல் அவன் இருதயம் மேட்டிமை கொள்ளக் கூடாது. சட்டம் போடும் வேலை அரசனுக்கு அங்கே கிடையாது.

ஐரோப்பாவில் பின்னால் அதிகம் புரட்டப்பட்டது இதுவல்ல, 1 சாமுவேல் 8-ஆம் அதிகாரம். மற்ற ஜாதிகளைப் போல எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று ஜனங்கள் கேட்கிறார்கள். தீர்க்கதரிசி சாமுவேல் எச்சரிக்கிறார்: உங்கள் மகன்களைத் தேரோட்டவும் தன் வயலை உழவும் பிடித்துப் போவான், மகள்களைத் தைலம் காய்ச்சவும் சமைக்கவும் வைப்பான், நல்ல வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் பிடுங்கித் தன் ஆட்களுக்குக் கொடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்று எடுப்பான், நீங்கள் அவனுக்கு வேலைக்காரர் ஆவீர்கள், அன்றைக்கு அலறினாலும் கடவுள் காது கொடுக்க மாட்டார். ஜனங்கள் கேட்கவில்லை. ராஜாதான் வேண்டும் என்றார்கள், ராஜா வந்தான்.

அந்த எச்சரிக்கை பலிக்கும் கதைதான் நாபோத்தின் திராட்சைத் தோட்டம். ஆகாப் ராஜாவுக்குத் தன் அரண்மனையை ஒட்டிய அந்தத் தோட்டம், கீரைக்கொல்லை போடுவதற்கு, வேண்டும். விலை பேசுகிறான், வேறு தோட்டம் தருகிறேன் என்கிறான். இது என் முன்னோர் சொத்து, தர மாட்டேன் என்கிறார் நாபோத். ராஜா போய்ச் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுகிறான். பிறகு ராணி யேசபேல் பொய்ச்சாட்சி வைத்து வழக்கு நடத்தி நாபோத்தைக் கல்லெறிந்து கொல்ல ஏற்பாடு செய்கிறாள். தீர்க்கதரிசி எலியா வந்து ராஜாவின் முகத்துக்கு நேரே கேட்கிறார்: கொலையும் செய்து சொத்தையும் எடுத்துக்கொண்டாயா? இந்தக் கதையில் கொலையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பொய் வழக்கைக் கவனிக்க வேண்டும். வேறு ஊர் ராஜாவாக இருந்தால் ஆள் அனுப்பித் தோட்டத்தைப் பிடுங்கியிருப்பான். இந்த ராஜாவால் முடியவில்லை. சட்டத்தை வளைத்தாக வேண்டியிருந்தது.

உடன்படிக்கை, அதிலும் ஒரு சிக்கல்

"பெரீத்" என்ற எபிரேயச் சொல்லைத் தமிழ் பைபிள் உடன்படிக்கை என்கிறது. சீனாய் மலையடியில் சட்டம் வாசிக்கப்பட, "கர்த்தர் சொன்னபடியெல்லாம் செய்வோம்" என்று ஜனங்கள் ஒருமித்துச் சொல்கிறார்கள். கடவுளே ஆனாலும் கட்டளை செல்லுபடியாக மக்கள் "சரி" சொல்ல வேண்டியிருந்தது என்று பின்னால் வந்தவர்கள் இதைப் படித்தார்கள். தாவீது ராஜாவானபோதும் எப்ரோனில் மூப்பர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டான். அவனுடைய பேரன் ரெகொபெயாம், வரிச்சுமையைக் குறையுங்கள் என்று கேட்டவர்களிடம், "என் தகப்பன் சவுக்கால் அடித்தான், நான் தேள்களால் அடிப்பேன்" என்று பேசினான். பத்துக் கோத்திரங்கள் எழுந்து போய்விட்டன.

மலையைக் காட்டி வாங்கிய சம்மதம் சம்மதமா என்று சந்தேகம் வருகிறதா? ரப்பிகளுக்கே வந்தது. தல்மூதில் ஒருவர் சொல்கிறார்: கடவுள் அந்த மலையைப் பெயர்த்து அவர்கள் தலைக்கு மேல் தொட்டிபோலக் கவிழ்த்துப் பிடித்து, "ஏற்றுக்கொண்டால் நல்லது, இல்லையென்றால் இதுவே உங்கள் கல்லறை" என்றாராம். உடனே இன்னொருவர் பிடித்துக்கொள்கிறார்: அப்படியானால் இந்தச் சட்டத்தையே மறுக்க இது பெரிய முகாந்திரமாயிற்றே! மூன்றாமவர், பல நூற்றாண்டு கழித்து எஸ்தர் காலத்தில் அவர்கள் மனமுவந்து மறுபடி ஏற்றுக்கொண்டார்கள் என்று சமாளிக்கிறார். மிரட்டி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது என்ற வாதத்தைக் கடவுளுக்கு எதிராகவே தங்கள் புனித நூலில் எழுதி வைத்தவர்கள் இவர்கள்.

அக்னாயின் அடுப்பு

கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். அரசன் இல்லை, ஆலயம் இல்லை, வரவரத் தீர்க்கதரிசியும் இல்லை. எது சட்டம் என்று யார் முடிவு செய்வது? அந்தத் தலைமுறையைப் பற்றித் தல்மூத் சொல்லும் கதை இது.

அக்னாயின் அடுப்பு எனப்படும் ஒரு வகை அடுப்பு தீட்டுப்படுமா, படாதா என்று விவாதம். படாது என்கிறார் ரப்பி எலியேசர். மற்ற அத்தனை பேரும் படும் என்கிறார்கள். எலியேசர் எத்தனையோ வாதம் வைத்துப் பார்க்கிறார், எடுபடவில்லை. "நான் சொல்வது சரியென்றால் இந்த மரம் காட்டட்டும்" என்கிறார். மரம் வேரோடு பெயர்ந்து தள்ளிப் போய் நிற்கிறது. மரத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்கிறார்கள். வாய்க்கால் பின்னோக்கி ஓடுகிறது. அதுவும் ஆகாது என்கிறார்கள். கல்விக்கூடத்துச் சுவர்கள் சாய்கின்றன; "அறிஞர்கள் வாதாடும் இடத்தில் உங்களுக்கென்ன வேலை?" என்று ரப்பி யோசுவா சுவர்களை அதட்டுகிறார். கடைசியில் வானத்திலிருந்தே குரல் வருகிறது: எலியேசரோடு ஏன் மல்லுக்கு நிற்கிறீர்கள், எல்லாவற்றிலும் அவர் சொல்வதுதானே சட்டம்? ரப்பி யோசுவா எழுந்து நின்று உபாகமத்திலிருந்தே பதில் சொல்கிறார்: "அது வானத்தில் இல்லை." சட்டத்தை எங்களிடம் கொடுத்தாயிற்று, இனி பெரும்பான்மைதான் முடிவு செய்யும், வானத்துக் குரலுக்கு வாக்கு இல்லை என்பது பொருள். அதைக் கேட்டுக் கடவுள் சிரித்து, "என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்" என்றாராம்.

இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுவது பலருக்குப் பிடித்த வழக்கம். தல்மூத் அங்கே நிறுத்தவில்லை. பெரும்பான்மை எலியேசரை விலக்கி வைக்கிறது. அவர் தூய்மை என்று தீர்ப்புச் சொன்ன பொருட்களைக் கொண்டுவந்து எரிக்கிறது. அவர் அழுகிறார், உலகத்தின் விளைச்சலே கருகுகிறது, சபைத் தலைவர் கமாலியேல் அந்த வேதனையின் பலனாகச் சாகிறார். பெரும்பான்மையின் முடிவு செல்லும், ஆனால் தோற்றவரை நசுக்கினால் அது பழிதான் என்று ஒரே கதை இரண்டையும் சொல்கிறது.

இதில் ஒரு குறும்பும் உண்டு. "பெரும்பான்மையைப் பின்பற்று" என்பதற்கு ரப்பிகள் காட்டும் ஆதாரம் யாத்திராகமம் 23:2. அந்த வசனத்தை முழுசாகப் படித்தால், தீமை செய்யத் திரளானவர்கள் பின்னே போகாதே என்றுதான் தொடங்குகிறது. வால்பகுதியை வெட்டியெடுத்து நேரெதிர் விதியாக்கினார்கள். ஆனால் தலைப்பகுதியை மறந்துவிடவில்லை என்பது அவர்களுடைய மற்ற விதிகளில் தெரிகிறது:

1. மரண தண்டனை வழக்கில் 23 நீதிபதிகள் வேண்டும். விடுவிக்க ஒரு வாக்கு கூடினால் போதும். தண்டிக்க இரண்டு கூட வேண்டும்.
2. அந்த வழக்குகளில் இளையவர்தான் முதலில் பேச வேண்டும். பெரியவர் வாயைத் திறந்துவிட்டால் சின்னவர் மறுத்துப் பேசத் தயங்குவார்.
3. அத்தனை நீதிபதிகளும் குற்றவாளி என்றே சொன்னால் ஆளை விட்டுவிட வேண்டும். எதிர்த்துப் பேச ஒருவர்கூட இல்லாத இடத்தில் விசாரணை ஒழுங்காக நடந்திருக்காது என்ற சந்தேகம்.
4. தோற்ற கருத்தையும் எழுதி வைக்க வேண்டும். ஏன் என்றும் மிஷ்னா சொல்கிறது: பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அதன் மேல் ஊன்றி நின்று தீர்ப்புச் சொல்ல நேரலாம்.

இவை எழுதப்பட்ட காலத்தில் யூதர்களுக்கு மரண தண்டனை கொடுக்கும் அதிகாரமே இல்லை, காகிதச் சட்டம்தான். சிந்தனை வரலாற்றில் காகிதத்துக்கும் ஆயுள் உண்டு. நான்காவது விதி இன்று உலகெங்கும் உச்ச நீதிமன்றங்களில் மாற்றுத் தீர்ப்பு என்ற பெயரில் நடப்பதற்கு ரொம்பப் பழைய முன்மாதிரி.

நாடு இல்லாதவர்களின் ஊராட்சி

அடுத்த ஆயிரம் வருடம் யூதர்கள் அடுத்தவர் நாடுகளில், ஊருக்கு ஒரு சமூக சபை வைத்து வரி, கூலி, எடையளவு, ஏழைகள் நிதி என்று தாங்களே நிர்வகித்துக்கொண்டார்கள். ஊரைக் கலக்காமல் ஊருக்குத் தலைவர் வைக்கக் கூடாது என்பது தல்மூத் வாக்கு. ஊர்க்கட்டுப்பாட்டுக்குப் பெரும்பான்மை போதுமா, எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டுமா என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சிலும் ஜெர்மனியிலும் ரப்பிகள் மோதினார்கள். போலந்தில் நான்கு தேசங்களின் சபை என்ற பிரதிநிதிகள் மன்றம் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து 1764 வரை இயங்கியது. இதையெல்லாம் ஜனநாயகம் என்று சொல்லிவிட முடியாது. வரி கட்டும் பணக்கார ஆண்கள் நடத்திய சபைகள் அவை.

ஐரோப்பாவுக்குப் போன வழி

யூத வேதத்தில் ஒன்று இருப்பதும் அது உலக அரசியலை மாற்றுவதும் வேறு வேறு. மாற்றியவர்கள் பெரும்பாலும் யூதர்கள் அல்ல, 17-ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்.

அதற்கு முன் ஒரு யூதரைச் சொல்லியாக வேண்டும். ஈசாக் அபர்பனேல் (1437–1508) போர்ச்சுகல் அரசரிடமும் பிறகு ஸ்பெயின் அரசரிடமும் நிதிப் பொறுப்பில் இருந்தவர். 1492-இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியபோது அவரும் வெளியேறினார். ராஜாவை நியமிப்பது கடவுளின் கட்டளை என்று 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் போன்ற பெரியவர்கள் எழுதியிருக்க, அது கட்டளையே இல்லை, ஜனங்களின் ஆசைக்குக் கொடுத்த அனுமதிதான் என்று வாதிட்டார். வெனிஸ், புளோரன்ஸ், ஜெனோவா குடியரசுகளைப் பாருங்கள், ராஜா இல்லாமல் நன்றாகத்தானே ஓடுகின்றன என்று வேத உரையிலேயே எழுதினார். அரண்மனைகளை உள்ளிருந்து பார்த்தவரின் பேச்சு அது.

அச்சு வந்து, லெய்டன், ஆக்ஸ்போர்டு போன்ற பல்கலைக்கழகங்களில் எபிரேயம் கற்பிக்கப்பட்டதும், கடவுளே அமைத்த ஆட்சிமுறை எப்படி இருந்தது என்று கிறிஸ்தவ அறிஞர்கள் தேடத் தொடங்கினார்கள். ஹாலந்தில் பெத்ரஸ் குனேயஸ் 1617-இல் எபிரேயக் குடியரசு பற்றி எழுதினார். இங்கிலாந்தில் ஜான் செல்டன் யூதர்களின் பழைய உயர் நீதி மன்றமான சன்ஹெத்ரினைப் பற்றிப் பெரிய ஆய்வே எழுதினார். 1290-இல் யூதர்களைத் துரத்திய நாடு இங்கிலாந்து; அவர்கள் திரும்பி வந்து வெளிப்படையாக வாழ 1656 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யூதர் தெருவே இல்லாத ஊரில் உட்கார்ந்து அந்த மனிதர் தல்மூத் படித்திருக்கிறார்.

1649-இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டிய பிறகு இது வெறும் படிப்பாக இல்லை. அதை நியாயப்படுத்தி ஜான் மில்டன் 1651-இல் எழுதியபோது, ராஜாவைக் கேட்டதே பாவம் என்ற ரப்பிகளின் பழைய வாசிப்பையும் துணைக்கு எடுத்துக்கொண்டார். கிரேக்க, ரோமச் சிந்தனையில் முடியாட்சி பல நல்ல முறைகளில் ஒன்று, கெட்டுப்போனால்தான் தொல்லை. முடியாட்சியே சட்டவிரோதம் என்று சொல்ல அங்கே இடமில்லை. அந்தக் கூர்மை சாமுவேலிடமிருந்து வந்தது. இந்தத் தொடர்பைத்தான் நான் எல்லாவற்றிலும் வலுவானதாக நினைக்கிறேன்.

இன்னொரு கிளையும் உண்டு. ஐம்பதாவது வருடம் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்ற யூபிலிச் சட்டத்தைக் குனேயஸ் விளக்கியிருந்தார். 1656-இல் ஜேம்ஸ் ஹாரிங்டன் அதை வைத்து, நிலம் சிலர் கையில் குவிந்தால் குடியரசு நிலைக்காது, நில உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார்.

பிறகு அமெரிக்கா. 1620-இல் மேபிளவர் கப்பலில் வந்த 41 ஆண்கள், கடவுள் முன்னிலையில் ஒருவரோடொருவர் உடன்படிக்கை செய்து ஓர் அரசியல் சமூகமாகிறோம் என்று கையெழுத்திட்டார்கள். 1776 ஜனவரியில் தாமஸ் பெய்ன் வெளியிட்ட, குடியேற்றங்களைச் சுதந்திரத்தின் பக்கம் தள்ளிய பிரசுரத்தில், ராஜா பதவியை வேண்டாம் என்ற வேதத்துத் தலைவர் கிதியோனும் சாமுவேலும் பக்கம் பக்கமாக வருகிறார்கள். அதே பெய்ன் பின்னால் பைபிளையே கடுமையாகத் தாக்கி எழுதினார் என்பது வேறு கதை; தன் வாசகர்கள் எதை நம்புகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆம்ஸ்டர்டாமில் 1632-இல் பிறந்த ஸ்பினோசா இந்த வரிசையில் தனி ஆள். 1656-இல் அவருடைய யூத சபையே அவரை விலக்கி வைத்தது. 1670-இல் அவர் எழுதினார்: எபிரேயரின் சட்டம் அவர்களுடைய பழைய அரசுக்கானது, அந்த அரசோடு அது முடிந்தது, மனிதனின் இயல்பான சுதந்திரத்துக்கு மிகவும் நெருங்கியது ஜனநாயகமே, நினைத்ததைச் சொல்லும் உரிமையே அரசுக்குப் பலம். மரபை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் அதற்கு எதிராகத் திரும்பியபோதுதான் நவீன ஜனநாயகத்துக்கான தெளிவான வாதங்களில் ஒன்று பிறந்தது. இதை யூத மதத்தின் தாக்கம் என்பதா, அதிலிருந்து விடுதலை என்பதா? இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள்.

மறுபக்கம்

அதே வேதத்தை வைத்து எதிர்ப்பக்கமும் அதே வேகத்தில் வாதாடியது.

1. ஆதாமிடமிருந்து தகப்பன் வழியாக இறங்கியதே அரசதிகாரம் என்றார் ராபர்ட் பில்மர். அவரை மறுக்கவே ஜான் லாக் ஒரு முழு நூல் எழுத வேண்டியிருந்தது.
2. உடன்படிக்கை பேசிய மாசசூசெட்ஸ் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட்கள், மரண தண்டனைக் குற்றங்களை மோசேயின் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1659-க்கும் 1661-க்கும் இடையில் பாஸ்டனில், குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவினர் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள்.
3. "தேசமெங்கும் அதின் குடிகளுக்கெல்லாம் விடுதலை கூறுங்கள்" என்ற லேவியராகம வசனம் பிலடெல்பியாவின் சுதந்திர மணியில் இருக்கிறது. அந்த மணியை வரவழைத்த ஊரில் அப்போது அடிமைகள் இருந்தார்கள்.
4. மரபுக்குள்ளேயே ஒரு சுவர் உண்டு: சட்டத்தை விளக்கலாம், ரத்து செய்ய முடியாது. விளக்கும் உரிமையும் படித்த ஆண்களுக்கு மட்டும். இறையாண்மை மக்களுடையது என்ற கருத்து இங்கே பிறக்கவே இல்லை.

மீண்டும் 2023

1948 மே 14 சுதந்திரப் பிரகடனத்தில் இஸ்ரேல், தீர்க்கதரிசிகள் கண்ட சுதந்திரம், நீதி, சமாதானம் ஆகியவற்றின் மேல் நாட்டை அமைப்பதாகச் சொல்லியது. நாடாளுமன்றத்தின் பெயரான கெனெசெட்டும், அதன் 120 உறுப்பினர் எண்ணிக்கையும் பழைய மரபில் வரும் பெரிய சபையிலிருந்து எடுத்தவை. ஆனால் வாக்குரிமை, கட்சி, கூட்டணி ஆட்சி என்று அந்த நாடாளுமன்றம் இயங்கும் முறை முழுக்க நவீன ஐரோப்பியது.

2023 ஜூலை 24-இல், அரசின் முடிவு நியாயமற்றது என்று சொல்லி அதை ரத்து செய்யும் அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து எடுக்கும் சட்டத்திருத்தம் 64–0 என்று நிறைவேறியது. எதிர்க்கட்சிகள் வாக்கெடுப்பைப் புறக்கணித்திருந்தன. பெரும்பான்மை எங்களிடம், முடிவும் எங்களுடையது என்றது அரசு. பெரும்பான்மைக்கும் மேலே ஒரு வரம்பு உண்டு என்றார்கள் எதிர்த்தவர்கள். யாத்திராகமம் 23:2-இன் வாலை ஒருவரும் தலையை ஒருவரும் பிடித்திருந்தார்கள் என்று சொல்லலாம்.

2024 ஜனவரி 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் 15 நீதிபதிகளும் கூடி விசாரித்த வழக்கில் தீர்ப்பு வந்தது. 8–7 என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் அந்தத் திருத்தம் ரத்தானது. தோற்ற ஏழு பேரின் கருத்தும் தீர்ப்போடு சேர்த்தே வெளியாயிற்று.